தேதி இல்லாத ராஜினாமாக் கடிதம்

முகிலன்,

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு என்னால் அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் தர்ஷினி இருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு முன்னால் மாமனார் வாயைத் திறந்து எதைக் கொட்டுவது என்று ஒரு தயக்கம். அதற்குப் பின்னால் வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதை மட்டும் காதோடு காதாகச் செய்தால் அது நியாயமில்லை. எல்லோரும் படிக்கும் இடத்திலேயே இதைப் போடட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "போடுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் 'பாவம் அவரு'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் வலிச்சுப் போச்சு" என்றாள்.

அன்று நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருக்கலாம். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சைன் பண்றேம்பா. ரெசிடென்ட் டைரக்டர். சும்மா பேருக்குத்தான் லா" என்றாய். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். "வெளிநாட்டு பார்ட்டி. பழைய எலக்ட்ரோனிக் சாமான் இம்போர்ட் பண்றாங்க. இங்க குடியிருக்கிற ஆள் ஒருத்தர் டைரக்டரா இருக்கணும்னு சட்டம். மாசா மாசம் காசு வரும், வேலை ஒண்ணும் இல்ல." நான் பட்டது உனக்கு மறந்துபோச்சா என்று கேட்டேன். நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, கோபமே இல்லாமல், பிள்ளைக்குப் புரியவைப்பது போலச் சொன்னாய்: "நீங்க படிக்காம சைன் பண்ணி மாட்டிக்கிட்டீங்கப்பா. நான் இருபத்திரண்டு பக்கமும் படிச்சாச்சு. அது வேற கதை, இது வேற கதை." உன் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், உன் இலை வழிந்தது.

உன்னை நான் குறை சொல்லவில்லை. இந்த ஊரில் பட்டம் வாங்கியவன் எல்லாம் முதுகில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மழையில் போகிறான். நீ ஒரு செக்ரட்டரி அலுவலகத்தில், அடுத்தவர்களின் கம்பெனிகளுக்குப் பதிவு வேலை பார்த்து, மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கிறாய். பத்துமலையில் தாலி கட்டி, கிள்ளானில் மண்டபம் பிடித்து ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று நம் ஆட்கள் எதிர்பார்க்கிறார்கள். உன் பாஸ் அதைத் தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டிருக்கிறார். இந்த மாதிரி வேலைக்கு அவர்கள் எப்போதும் கல்யாணம் நெருங்கிய ஆளையோ, வீட்டுக் கடன் எடுத்த ஆளையோதான் தேடுவார்கள். என்னைத் தேடியபோது எனக்கு அடுத்து வரப்போகிற உன் கல்லூரிக் கட்டணம் இருந்தது.

கிள்ளானில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருபது வருடம் காகித வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். கப்பல் சரக்குச் சீட்டு, இன்வாய்ஸ், சுங்கப் படிவம். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காகிதம் சொல்கிறதோ அதை மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை தட்டச்சு செய்வதுதான் என் தொழில். அந்த அலுவலகத்துக்கு அடிக்கடி வருவார் தாஸ் என்ற ஏஜென்ட். வெளிநாட்டு முதலாளிகளுக்கு இங்கே கம்பெனி திறந்து கொடுப்பவர். ஒரு நாள் மத்தியானம் கம்பெனிக் கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார். பக்க ஓரங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன, கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் அவை. அந்த ஒட்டுத்தாள் ஒரு தந்திரம், நீயே தினம் ஒட்டுகிறாய், தெரிந்திருக்கும். விரல் ஒரு மஞ்சளிலிருந்து அடுத்த மஞ்சளுக்குத் தாவும், நடுவில் இருக்கும் பக்கங்கள் பக்கங்களாகவே தெரியாது. "அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை. பிளாஸ்டிக் ரீசைக்கிள். கழுவி, பிரிச்சு வர்ற சுத்தமான சரக்கு. ரவாங் பக்கம் ஃபேக்டரி. உங்க பேரு மட்டும்தான், தலைவலி எல்லாம் எங்களுக்கு" என்றார். பயமாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்து, கடைசிப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். "இதப் பாருங்க. உங்க ராஜினாமாக் கடிதம். இப்பவே சைன் பண்ணி வச்சிருங்க, தேதி மட்டும் போடாதீங்க. என்னிக்குப் பிரச்சனையோ அன்னிக்குத் தேதி போட்டா நீங்க வெளிய. கதவைத் திறந்து வச்சுட்டே உள்ள போறீங்க, என்ன பயம்?"

உன் கோப்பிலும் அந்தக் கடிதம் இருக்கிறது. பதினெட்டாம் பக்கம். நீ அனுப்பிய பிடிஎஃப்பைத் திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். வெளிநாட்டுக்காரன் இங்கே எத்தனை பேரை வேண்டுமானாலும் இயக்குநராகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த நாட்டில் குடியிருக்கும் ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏன் அப்படி ஒரு சட்டம்? தப்பு நடந்தால் கதவைத் தட்டுவதற்கு இங்கே ஒரு கதவு வேண்டும் என்பதற்காக. அந்தக் கதவு நீ. அதனால் நீ விலகினால் இங்கே குடியிருப்பவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார் என்றால், உன் விலகல் செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது. தேதி போட்டாலும் செல்லாது, போடாவிட்டாலும் செல்லாது. தாஸ் எனக்குக் காட்டியது கதவே இல்லை. சுவரில் வரைந்த கதவு. அந்தக் கடிதத்தால் ஒரே ஒரு பயன் உண்டு. உன்னைவிட மலிவான இன்னொரு லோக்கல் ஆள் கிடைத்தால், உன்னைக் கேட்காமல் உன்னைத் தூக்குவதற்கு அவர்களுக்கு உதவும். உனக்கு ஒருநாளும் உதவாது.

இன்னொரு பத்திரம் இருந்தது. எனக்கு ஏதாவது நஷ்டம் வந்தால் முதலாளி ஈடு செய்வார் என்று எழுதிய பத்திரம். அழகான தாள், சிவப்பு முத்திரை. அதன் ஒன்பதாம் பத்தியில், ஏதாவது தகராறு என்றால் எங்கோ கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவின் சட்டப்படி, அந்தத் தீவின் நீதிமன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று இருந்தது. சரக்கு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் இன்னொன்று: அவர்கள் துறைமுகத்தில் பெட்டி கப்பலில் ஏறிய நிமிடத்திலிருந்து சரக்கின் பொறுப்பு வாங்குபவருடையது. குறை இருந்தால் அவர்கள் ஊருக்குப் போய், அவர்கள் ஊர் நடுவர் முன்னால், அவர்கள் ஊர் வக்கீலை வைத்துச் சொல்ல வேண்டும். இதில் எதுவும் மோசடி இல்லை, உலக வாணிபம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. விமானச் சீட்டு வாங்க முடிந்தவனுக்கு அது சட்டம். முடியாதவனுக்கு அது வெறும் தாள்.

சரஸ்வதி அக்காவை உனக்கு நினைவிருக்கும். நம் பழைய ஃபிளாட்டில் மூன்றாம் மாடி. பள்ளிக்கூடத்திலிருந்து நீ சீக்கிரம் வந்துவிட்ட நாட்களில் உனக்கு மைலோ கலந்து கொடுத்தவர். ரவாங் ஃபேக்டரியில் ஆள் வேண்டும் என்றபோது நான்தான் அவரைச் சேர்த்துவிட்டேன். முதல் மாதமே என்னிடம் வந்தார். "அண்ணே, சுத்தமான சரக்குன்னு சொன்னீங்க. பெட்டியத் தொறந்தா குப்பை லா. யாரோ தின்னுட்டுப் போட்டது, புள்ளைங்க பேம்பர்ஸ், ஊசி. பிரிச்சு மிஞ்சினத பின்னாடி போட்டு எரிக்கிறாங்க. மூச்சு விட முடியல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெர்மிட் எல்லாம் இருக்கு அக்கா, நான் பார்த்துட்டேன்" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். பெர்மிட் இருந்தது. அதில் எழுதியிருந்தது கழுவிய, பிரித்த பிளாஸ்டிக். அந்தச் சுங்கப் படிவத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அக்கா மறுபடி வேலைக்குப் போனார். இன்னொரு வருடம் போனார்.

பிறகு துறைமுகத்தில் அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்தார்கள். என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துத் திறந்தார்கள், ஏனென்றால் சரக்குச் சீட்டில் இருந்த கம்பெனிக்கு இங்கே இருந்த ஒரே முகம் என்னுடையது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. என் காலடியில் ஒரு குழந்தையின் பல்துலக்கி விழுந்தது, வெள்ளையில் நீலக் கோடு. எந்த ஊர்க் குழந்தையோ. பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், செலவு கம்பெனியுடையது என்று உத்தரவு வந்தது. விற்றவனுக்கு எழுதினேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், கப்பலில் ஏறியதும் உங்கள் சரக்கு, தகராறு என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று இரண்டே வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. முதலாளியின் போன் அணைந்துவிட்டது. தாஸிடம் ஓடினேன். ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடுங்கள் என்றேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், "போட்டாலும் ஏத்துக்க மாட்டாங்கண்ணே. நீங்க ஒருத்தர்தான லோக்கல்" என்றார். அவருக்கு அது முதல் நாளே தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்கே தெரியும். கம்பெனியின் வரி பாக்கியும் பங்கு வைத்திருக்கும் இயக்குநர் என்ற முறையில் என் தலையில் வந்து விழுந்தது, பங்குகளும் பேருக்கு என்னிடம்தான் இருந்தன. அது எனக்கு எப்போது உறைத்தது என்றால், விமான நிலையக் கவுண்டரில். உன் அம்மா பழனிக்கு வேண்டுதல் வைத்து, உண்டியல் உடைத்துச் சேர்த்த பயணம். உனக்குப் பத்தொன்பது வயது. குடிநுழைவு அதிகாரி என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "மாஃப், என்சிக். தா போலே" என்றார். மன்னிக்கவும், முடியாது என்று அர்த்தம்; நீங்கள் இருவரும் போகலாம், வரி பாக்கிக்காக நான் மட்டும் நாட்டை விட்டுப் போக முடியாது. உன் அம்மா போகமாட்டேன் என்றாள். நீ மூன்று பெட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றித் திரும்பத் தள்ளினாய். கிள்ளானுக்கு டாக்சி பிடித்தோம். டிரைவர், "ஃப்ளைட் கேன்சலா அங்கிள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குப்பையை இறக்கியதற்காக என் மேல் வழக்கு வந்தபோது வக்கீல் சொன்னார்: "அங்கிள், ரெண்டே வழிதான். எல்லாம் படிச்சுட்டு சைன் பண்ணேன்னு சொன்னா உள்ள போவீங்க. சட்டம் தெரியாத ஆளு, நம்பிப் போட்டேன், படிக்கலன்னு சொன்னா ஃபைனோட விட்டுருவாங்க." நான் குற்றத்தை ஒப்புக்கொண்டு, படிக்கவில்லை என்று சொன்னேன். நீதிபதி என்னை ஒரு அப்பாவியைப் பார்ப்பது போலப் பார்த்தார். வெளியே வந்ததும் அந்தப் பார்வை எனக்குப் பிடித்துவிட்டது. உன் அம்மா சொந்தக்காரர்களிடம் சொன்னாள், நீ நண்பர்களிடம் சொன்னாய்: பாவம், படிக்காமல் போட்டுவிட்டார். முட்டாளுக்கு இந்த ஊரில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். தெரிந்தே செய்தவனுக்கு யார் கொடுப்பார்கள்? வீட்டை விற்றோம், வாடகைக்கு வந்தோம், எல்லோரும் என் மேல் இரக்கப்பட்டார்கள், நானும் என் மேல் இரக்கப்பட்டேன்.

நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது, தாஸ் கொடுத்த கோப்போடு வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம் உன் அட்லஸைக் கேட்டேன். எதுக்குப்பா என்றாய். குறுக்கெழுத்துப் போட்டி என்றேன். நீ எடுத்துக் கொடுத்துவிட்டுப் பந்து விளையாடப் போனாய். நான் அந்தத் தீவைத் தேடினேன், முகிலன். ஒன்பதாம் பத்தியில் இருந்த தீவை. அட்லஸில் அது ஒரு புள்ளிதான், பேர் புள்ளியைவிட நீளம். நான் படித்தேன். ஒவ்வொரு பக்கமும் படித்தேன், அலுவலகத்தில் இருபது வருடம் அதைத்தானே செய்தேன். தீவைப் படித்தேன், நடுவரைப் படித்தேன், 'கழுவிய, பிரித்த' என்பதைப் படித்தேன். அந்த விலைக்கு யாரும் கழுவி அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அத்தனை இன்வாய்ஸ் பார்த்தவன் நான். விலகல் செல்லாது என்ற சட்டம் மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. மற்ற எல்லாம் தெரியும். என் பக்கம் வராது, வேறு யாராவது சுமப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த வேறு யாரோ மூன்றாம் மாடியில் இருந்தார்.

இப்போது புரிகிறதா, உன் வாக்கியம் ஏன் என்னை அப்படி அடித்தது என்று? நான் சொன்ன பொய்யின் மேல் நின்றுகொண்டு நீ தைரியமாக இருக்கிறாய். படித்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறாய். படிப்பு யாரையும் தடுத்ததில்லை. இந்தப் பத்திரங்களை எழுதியவர்களும் படித்தவர்கள்தான்.

செவ்வாய்க்கிழமை காப்பாருக்குப் போனேன், மகளோடு அங்கேதான் இருக்கிறார் சரஸ்வதி அக்கா. பேருந்தில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசில் அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மூச்சுத் திணறலுக்கு உறிஞ்சும் நீல மருந்துக் குப்பி. நாலு படி ஏறினால் இப்போது அது வேண்டும். உன்னை விசாரித்தார், தர்ஷினி எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டார். பிறகு நான் சொன்னேன். அன்று நான் பொய் சொன்னேன் அக்கா, எல்லாம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று. அக்கா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்ண்ணே" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த ஃபிளாட்ல யாருக்கு லெட்டர் வந்தாலும் உங்ககிட்டத்தான கொண்டாந்து குடுப்போம். கிளினிக் லெட்டரு, ஸ்கூல் லெட்டரு, பேங்க் லெட்டரு. நீங்க ஒரு வரி விடாமப் படிச்சுச் சொல்லுவீங்க. கீழ பொடியா இருக்குமே, அதையும் படிப்பீங்க. உங்க பேப்பர மட்டும் படிக்காமலா போட்டிருப்பீங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்குக் கோர்ட்டுல சாட்சிக்குன்னு என்னையும் கூப்பிட்டு வச்சிருந்தாங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்க, என்னைக் கேக்கவே இல்ல. நீங்க படிக்கலன்னு சொன்னப்ப கடைசி பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."

ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முகிலன் காலேஜ்ல இருந்தான்ல" என்றார்.

மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை கொடுத்தார். மறுநாள் உன் அம்மா சமைத்தாள், நான் சாப்பிட்டேன்.

உன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். சட்டம் எந்த நாட்டுச் சட்டம், தகராறு எந்த ஊரில், பொறுப்பு எந்த இடத்தில் கை மாறுகிறது என்பதெல்லாம் நீயும் படித்திருப்பாய். சாமான்தான் மாறியிருக்கிறது, பிளாஸ்டிக்குக்குப் பதில் பழைய கம்ப்யூட்டர். இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது, அதை நீ எப்படிப் படித்தாய் என்று தெரியவில்லை. தொழிற்சாலை முகவரி: பின்னர் குறிப்பிடப்படும். அந்த வெற்றிடத்தில் எழுதப்போவது யாரோ ஒருவரின் வீட்டுப் பின்புறம். பெரிய வீடுகள் இருக்கும் இடத்தை எழுத மாட்டார்கள். காப்பார், மேரு, ரவாங் என்று நம் ஆட்களும் வங்காளதேசத்துப் பையன்களும் இருக்கும் ஏதாவது ஒரு லோரோங்கின், ஏதாவது ஒரு சந்தின் பேரைத்தான் எழுதுவார்கள்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொன்னாலும் நீ கேட்க வேண்டிய வயதைத் தாண்டிவிட்டாய். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்பது பேருக்கு உன் அம்மா சமைப்பாள். தர்ஷினியிடம் அதை நானே பேசுகிறேன். நீ வேண்டாம் என்றாலும் பேசுவேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்னால், வியாழக்கிழமையே, அந்த இருபத்திரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போ. மஞ்சள் ஒட்டுத்தாள்களைக் கிழித்துவிட்டுப் போ. சரஸ்வதி அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல், தமிழில் படித்துச் சொல். கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் சொல். இரண்டாம் அட்டவணை வந்ததும் கொஞ்சம் நிறுத்து, அக்காவுக்கு மூச்சு வாங்கும், கேள்வி கேட்க அவகாசம் கொடு. எல்லாம் சுத்தமான சரக்குத்தானா தம்பி என்று கேட்பார். வேலையில் சேர்வதற்கு முன்னால் என்னிடமும் அதைத்தான் கேட்டார். நீ என்ன பதில் சொல்கிறாயோ, அதன் பிறகு உனக்குப் பேனா வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ வருவாய் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா
கிள்ளான்